நெய்வேலியின் பழைய சரக்கும் புதிய சரக்கும்

முந்திரிப் பருப்பு கொள்முதலுக்குப் பண்ருட்டி போய்வருவது எங்கள் கடையில் தகப்பனார் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். விலை பேசி, மூட்டையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்படியே நெய்வேலி வரை போய் அங்குள்ள வாடிக்கைக் கடைகளில் பாக்கி வசூலித்துக்கொண்டு திரும்புவோம். இருட்டில் தூரத்தே புகைபோக்கி விளக்குகள் தெரியும். "அங்கே அடுப்பு எரிந்தால்தான் புதுச்சேரியில் நம் கடையில் பல்பு எரியும்" என்பார் தகப்பனார். சிறு பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அது வேடிக்கைப் பேச்சு. கடையின் மின்கட்டண ரசீதை நாங்களே கட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது.

அவர் காட்டிய அடுப்பு இப்போது எரியவில்லை. 1962ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய நெய்வேலி முதலாவது அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பரில் கடைசியாக நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புதிய நிலையம் வந்துவிட்டது. அதே நிறுவனம் இப்போது வெயிலையும் காற்றையும் விற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே சரக்கை விற்ற கடை, திடீரென்று எதிர்ச்சரக்கையும் அடுக்கி வைத்தால் நாம் என்ன கேட்போம்? பழைய இருப்பை என்ன செய்யப் போகிறீர்கள், அதில் நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று கேட்போம். அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கிறோம். பதிலில் நம் கடை ரசீதும் அடங்கியிருக்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் மத்திய அரசு நிறுவனம் அமைத்தது. மேல்மண்ணை அகற்ற ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் கட்டிய இயந்திரங்கள் வந்தன. ஏன் ஜெர்மனி என்றால், அங்கேயும் ரைன் நதிப் பக்கம் இதே பழுப்பு நிலக்கரி, இதே திறந்தவெளிச் சுரங்கம், பக்கத்திலேயே இதே மாதிரி அனல்மின் நிலையம். அந்த வியாபாரத்தை நடத்தியது எஸ்ஸன் நகரத்து ஆர்.டபிள்யூ.ஈ. என்ற நிறுவனம். 1898ல் தொடங்கியது. நெய்வேலிக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். அண்ணன் வீட்டில் நடந்ததை முதலில் பார்ப்போம்.

ஜெர்மனியில் 2000 வாக்கில் காற்றாலைக்கும் சூரிய ஒளிப் பலகைக்கும் அரசு நல்ல விலை உறுதி கொடுத்தது. விவசாயிகளும் வீட்டுக்காரர்களும் சிறு முதலாளிகளும் போட்டி போட்டுக்கொண்டு போட்டார்கள். பெரிய கம்பெனிகள், இதெல்லாம் சில்லறை வியாபாரம் என்று ஒதுங்கி நின்றன. மொத்த வியாபாரிகளான நமக்கும் அந்தத் தவறு புதிதல்ல. பாக்கெட் மசாலா வந்தபோது நம்மில் எத்தனை பேர் சிரித்தோம்?

நண்பகலில் சூரிய மின்சாரம் குவிந்தது. அதற்கு எரிபொருள் செலவு கிடையாது, ஆகவே சந்தையில் என்ன விலைக்கும் தள்ளிவிடலாம். நம் பெரிய மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளி வரத்து அதிகமான நாளில், வெளியூர்த் தக்காளியை லாரி வாடகை கொடுத்து இறக்கியவன் என்ன ஆவானோ அதுதான் நிலக்கரி நிலையத்துக்கும் ஆனது. 2024ல் மட்டும் ஜெர்மனியின் மின்சந்தையில் 457 மணி நேரம் விலை பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கிறது. அதாவது விற்றவன் பணம் கொடுத்துச் சரக்கை எடுத்துப் போகச் சொன்ன நேரம்! கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது என்பதால் நஷ்டத்தோடு ஓட்ட வேண்டிய கட்டாயம்.

போதாக்குறைக்கு 2011ல் புகுஷிமா விபத்து. அணு உலைகளை மூடச் சொல்லிவிட்டது ஜெர்மனி அரசு. 2013ல் ஆர்.டபிள்யூ.ஈ. ஏறத்தாழ 280 கோடி யூரோ நஷ்டம் காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் லாபக் கணக்கே எழுதி வந்த பேரேட்டில் முதல் நஷ்டம். புதிய சக்தியில் தாமதமாக இறங்கினோம் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். ஓரிரு ஆண்டில் சாதாரணப் பங்குகளுக்கு ஈவுத்தொகையும் நின்றது. அந்தப் பங்குகளை வைத்திருந்தவை எஸ்ஸன், டார்ட்மண்ட் போன்ற நகராட்சிகள். ஈவுத்தொகையை நம்பி வரவு செலவு போட்டிருந்த நகராட்சிகள் திண்டாடின.

பிறகு அவர்கள் செய்த காரியம் நம் குடும்பங்களில் நடப்பதுதான்: பாகப்பிரிவினை. ஈ.ஆன் என்ற இன்னொரு பெரிய கம்பெனி 2016ல் நிலக்கரி, எரிவாயு நிலையங்களை யூனிப்பர் என்ற பெயரில் பிரித்துத் தள்ளிவிட்டது. ஆர்.டபிள்யூ.ஈ. அதே ஆண்டில் நேர்மாறாகச் செய்தது. பழைய சரக்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, நல்ல சரக்கையெல்லாம் இன்னோஜி என்ற புதுக் கடையில் போட்டுப் பங்கு விற்றது. 2018ல் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி மாற்றிக்கொண்டார்கள். கம்பியும் வாடிக்கைக்காரரும் ஈ.ஆனுக்கு, காற்றாலையும் சூரிய நிலையமும் ஆர்.டபிள்யூ.ஈ.க்கு. தாமதமாக வந்தவர் கடைசியில் ஐரோப்பாவின் பெரிய காற்றாலைக்காரர்களில் ஒருவராகிவிட்டார். பிரித்துத் தள்ளப்பட்ட யூனிப்பரோ, ரஷ்ய எரிவாயு 2022ல் நின்றதும் சாய்ந்தது. ஜெர்மனி அரசு ஏறக்குறைய 99 சதவீதப் பங்கையும் எடுத்துக்கொண்டு காப்பாற்ற வேண்டியதாயிற்று.

பழுப்பு நிலக்கரியை ரைன் பகுதியில் 2030க்குள் நிறுத்திவிடுவதாக 2022 அக்டோபரில் ஆர்.டபிள்யூ.ஈ. ஒப்புக்கொண்டது. இதற்கு ஈடாக அரசு தருவதாகச் சொன்னது 260 கோடி யூரோ. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரியில், லுட்செராத் என்ற சிற்றூரைச் சுரங்கத்துக்காகக் காலி செய்ய ஆயிரக்கணக்கான போலீசார் இறங்கினார்கள். மூடப்போகும் சுரங்கத்துக்கு ஊரை ஏன் தோண்டுகிறீர்கள் என்று இளைஞர்கள் சேற்றில் படுத்து மறித்தார்கள்.

அதே 2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் விளைந்து நின்ற நெல்வயலில் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று சொன்னோம் என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் நெல்லையும் அரிசியையும் தொட்டுப் பிழைக்கும் நமக்கு அந்தப் படத்தைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பயிருக்கு இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு தேசம், ஒரே ஆண்டு, ஒரே நிலக்கரி.

நம் ஊரில் பாதிப் பேருக்கு பிரான்சில் உறவு உண்டு என்பதால் அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுவோம். அங்கே நிலக்கரி பெரிதில்லை, இ.டி.எஃப். நிறுவனத்தின் அணு மின்சாரம்தான். 2022ல் குழாய்களில் விரிசல் கண்டு, ஒரு கட்டத்தில் 56 உலைகளில் பாதிக்கு மேல் நின்றிருந்தன. ரஷ்யப் போரும் சேர்ந்துகொள்ள விலை எகிறியது. வீட்டுக்காரர்களுக்கும் சிறிய இணைப்புள்ள கடைகளுக்கும் அரசு விலையைக் கட்டிப்போட்டது. ஆனால் 36 கிலோவோல்ட் ஆம்பியருக்கு மேல் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ரொட்டிக் கடைக்காரர்கள் பலர் மின்சார அடுப்பு வைத்திருப்பதால் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ரசீது பல மடங்கு வந்தது. 2023 ஜனவரி 23ந் தேதி பாரீஸ் தெருவில் ரொட்டிக் கடைக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். வீட்டுக்காரனுக்குக் குடை பிடிக்கும் அரசு, சிறு வியாபாரியை மழையில் விட்டுவிடும் என்பது அங்கேயும்தான்.

டென்மார்க்கில் ஒரு கம்பெனி பெயரிலேயே எண்ணெயும் எரிவாயுவும் இருந்தது. அவற்றை 2017ல் விற்று முழுகிவிட்டு, ஆர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக் கடல் காற்றாலையில் இறங்கியது. உலகமே புகழ்ந்தது. வட்டி ஏறியதும் 2023ல் அமெரிக்கக் கடலோரத் திட்டங்களைக் கைவிட்டு, 2025ல் பங்குதாரர்களிடம் 6,000 கோடி குரோனர் புது முதல் கேட்டது. காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை, ஆனால் செலவு முழுவதும் முதலில் போட வேண்டிய பணம். ஆகவே வட்டிதான் அதற்கு நிலக்கரி. ஆர்.டபிள்யூ.ஈ.யும் 2025 மார்ச்சில் 2030 வரைக்கான முதலீட்டில் சுமார் 1,000 கோடி யூரோவைக் குறைத்துக்கொண்டது. புதுச் சரக்கிலும் கடன் வாங்கிக் கொள்முதல் செய்தால் கை சுடும்.

இனி நெய்வேலிக்குத் திரும்புவோம். 2016ல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், நெய்வேலியில் சிறு அளவில் சூரியப் பலகை போட்டுப் பார்த்து, பிறகு திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் பெரிய அளவில் போட்டது. கழுநீர்குளத்தில் 51 மெகாவாட் காற்றாலை. மத்திய அரசு நிறுவனங்களில் முதன்முதலாக 1,000 மெகாவாட் சூரிய மின்சாரத்தைத் தாண்டியது இதுதான். 2023ல் புதிய சக்திக்கென்று தனியாக ஒரு துணை நிறுவனம் தொடங்கியது. 2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை அதில் 7,000 கோடி ரூபாய் முதல் போட அனுமதித்தது. கையில் உள்ளதும் முடியும் தறுவாயில் உள்ளதுமாக 2,000 மெகாவாட்டை அந்தப் புதுக் கடைக்கு மாற்றுவார்கள். 2030க்குள் 10,000 மெகாவாட்டுக்கு மேல், 2047க்குள் 32,000 என்று குறி. இதுவரை பார்த்தால் அண்ணன் வழியிலேயே, இன்னோஜி மாதிரியே, தம்பி போகிறான் என்று தோன்றும்.

ஆனால் தம்பி பழைய கடையைச் சுருக்கவில்லை, கிளை திறக்கிறான். உத்தரப் பிரதேசத்தில் கட்டம்பூரில் 1,980 மெகாவாட் நிலக்கரி நிலையம், முதல் அலகு 2024 டிசம்பரில் வியாபார உற்பத்திக்கு வந்தது. ஒடிசாவில் தலபிராவில் 2,400 மெகாவாட், 2024 பிப்ரவரியில் அடிக்கல். இந்தத் தலபிரா மின்சாரத்தை வாங்கத் தமிழ்நாடு, கேரளத்தோடு நம் புதுச்சேரியும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இதைத் தவறு என்று சொல்லிவிட நாங்கள் தயாராக இல்லை. ஜெர்மனியில் மின்சாரத் தேவை வளரவில்லை. புதுச் சரக்கு வந்தால் பழைய சரக்கு தேங்கித்தான் ஆகவேண்டும். இந்தியாவில் தேவை வளர்ந்துகொண்டே இருக்கிறது. நிறுவப்பட்ட திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாதது என்ற நிலையை 2025 ஜூனில் எட்டிவிட்டோம். ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு நம் கடையில் எரியும் விளக்குக்கு இன்னும் நிலக்கரிதான் பெரும்பாலும். மின்கலம் மலிவாகும் வரை இரண்டு சரக்கும் வைத்திருப்பவன் புத்திசாலி என்று வாதாடலாம்.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். புதுச்சேரிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சொந்த உற்பத்தி, காரைக்கால் திருமலைராயன்பட்டினத்தில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மற்றதெல்லாம் நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம், கைகா, கூடங்குளம் என்று வெளியிலிருந்து கொள்முதல். அனல்மின் நிலையத்திடம் மின்துறை கொள்முதல் செய்யும்போது விலை இரண்டு பாகமாக இருக்கும். ஒன்று, எடுத்த யூனிட்டுக்கு எரிபொருள் விலை. மற்றொன்று, நிலையம் கட்டிய கடன், வட்டி, தேய்மானம், லாபம் எல்லாம் சேர்த்த நிலைக்கட்டணம். நிலையம் தயாராக இருந்தால் போதும், நாம் மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. கிடங்கை வாடகைக்குப் பிடித்தால், மூட்டை வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாத வாடகை கொடுக்கிறோமே, அதே கணக்கு. ஒப்பந்தம் சாதாரணமாக 25 ஆண்டு.

இப்போது ஜெர்மனியை நினைத்துப் பாருங்கள். அங்கே நிலக்கரிச் சரக்கு தேங்கியபோது நஷ்டம் கம்பெனியின் ஐந்தொகையில் விழுந்தது, ஈவுத்தொகை நின்றது, பங்குதாரர் அழுதார். இங்கே பத்து ஆண்டு கழித்து சூரிய மின்சாரமும் மின்கலமும் மலிவாகி, ஒடிசா நிலையம் பாதி நேரம் சும்மா நின்றால், நஷ்டம் கம்பெனிக்கு வராது. ஒப்பந்தப்படி மின்துறைக்கு வரும். மின்துறையிலிருந்து நமக்கு வரும். வீட்டு இணைப்புக்கு உயர்த்தினால் ஓட்டு போகும் என்பதால் வணிக இணைப்பில்தான் கை வைப்பார்கள். பாரீஸ் ரொட்டிக் கடைக்காரர் கதைதான். மின்துறையைத் தனியாருக்குத் தந்தாலும் தராவிட்டாலும் இது மாறாது. 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் அறிவித்ததிலிருந்து நம் ஊரில் அந்தச் சண்டையே பெரிதாக நடக்கிறது. யார் கையில் போனாலும் கிடங்கு வாடகை ஒப்பந்தம் கூடவே போகும்.

இன்னொன்றும் நம்மைத் தொடும். நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையை 2023ல் மத்திய அரசு விதியாக்கியிருக்கிறது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்தும், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்தும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவுடன் அமலாகும் என்கிறது விதி. வெயில் நேரத்தில் சாதாரண விலையை விடக் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வணிக இணைப்புக்குக் குறைந்தது 1.2 மடங்கு. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதை ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும். உச்ச நேரம் என்பது மாலையும் முன்னிரவும்தான். நம் மளிகைக் கடைக்குக் கூட்டம் வரும் நேரமும் அதுவே! மாவு மில் வைத்திருப்பவர் அரைப்பைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடையை எப்படி மாற்றுவது?

பலகை போடலாமே என்பீர்கள். நாங்கள் 2021ல் கிடங்கு மொட்டை மாடியில் 5 கிலோவாட் போட்டோம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்றார்கள். ஐப்பசி, கார்த்திகை போக, ஏறத்தாழ அப்படியே வருகிறது. ஆனால் போட்டுக் கொடுத்தவர் சாதாரண இரும்பு போல்ட்டு போட்டுவிட்டார். கடல் காற்றில் இரண்டே ஆண்டில் துருப்பிடித்து, ஒரு புயல் மழை எச்சரிக்கையில் கயிறு வாங்கிக் கட்டினோம். நீங்கள் போட்டால் சட்டமும் போல்ட்டும் துருப்பிடிக்காததா என்று கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பலகையில் விழுந்தால், அதோடு இணைத்த மற்றவையும் படுத்துவிடும்.

இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்கிறோம். 2022 செப்டம்பர் 28ந் தேதி மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்களே, அந்த நாட்களில் ஒரு பகல் மின்சாரம் நின்றது. வெயில் கொளுத்துகிறது, மாடியில் பலகை இருக்கிறது, கடையில் மின்விசிறி சுற்றவில்லை. கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால், வேலை செய்யும் லைன்மேன் மேல் பாய்ந்துவிடக்கூடாது என்று கருவி தானே நின்றுவிடும். மின்கலம் வைத்தால்தான் ஓடும். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

2024ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, வீட்டு இணைப்புக்கு மட்டும். கீழே கடை, மேலே வீடு என்று இரண்டு மீட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டு மீட்டருக்குப் போடலாம். அதிலிருந்து கடைக்குக் கம்பி இழுத்தால் வம்பு. கடைக்கு மானியம் இல்லையென்றாலும், பலகைக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருக்கிறது. வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானமும் எழுதலாம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

கடைசியாகச் சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். மின்துறை கட்டண மனு போடும்போது, இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்தும். யாரும் போகலாம், எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். நாங்கள் ஒரு முறை போயிருந்தோம். மளிகைக் கடைக்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களையும் சேர்த்து மூன்று பேர். அடுத்த விசாரணைக்கு, நீண்டகால ஒப்பந்தங்களின் நிலைக்கட்டணம் எவ்வளவு, அதில் வணிக இணைப்பின் பங்கு எவ்வளவு, முன்னிரவு விலை சிறு கடைக்கு எப்படி என்று மூன்று கேள்வியோடு மனு தயாரிக்கிறோம். கணக்கு இல்லாமல் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே கடந்த 12 மாத ரசீதின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துக் கொடுத்தாலும் போதும். கடையின் வகை, குளிர்பெட்டி எத்தனை, இரவு எத்தனை மணிக்கு அடைக்கிறீர்கள் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.